வருசநாட்டு மலைவழிகள்: பொதிமாடு முதல் ஜீப் வரை

வருசநாட்டு மலைவழிகள் என்பது தேனி மாவட்டத்தின் வருசநாடு, கம்பம் பள்ளத்தாக்குகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் செல்லும் பாதைகளின் தொகுப்பு. பொதிமாடுகள் நடந்த ஒற்றையடித் தடங்கள், மாட்டுவண்டிச் சாலைகள், கம்பிவட ஊர்திகள், ரயில்பாதை, ஜீப் தடங்கள் ஆகியவை இதில் அடங்கும். தேயிலை, ஏலக்காய், சுண்ணாம்புக்கல், அணைக்கட்டுக்கான இயந்திரங்கள் ஆகியவை இவ்வழிகளில் சென்றன. இன்றும் சில மலைக்கிராமங்களுக்குச் சாலை இல்லை. அங்கே குதிரையும் டோலியுமே வாகனங்கள்.

அமைவிடம்

தேனி மாவட்டம் 1996-ல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் மேற்கு எல்லை முழுவதும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த ஏலமலை. அதற்குக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்கள் இதில் அமைந்துள்ளன. கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிழக்கே மேகமலை உள்ளிட்ட வருசநாட்டு மலைத்தொடர் நிற்கிறது. அதற்கும் ஆண்டிபட்டி மலைக்கும் நடுவே கிடப்பது வருசநாட்டுப் பள்ளத்தாக்கு. வைகை இங்குதான் பிறந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. வர்ஷம் என்றால் மழை. மழைநாடு என்பதே வருசநாடு ஆயிற்று என்று பெயருக்கு விளக்கம் சொல்வதுண்டு.

இரு பள்ளத்தாக்குகளும் அடுத்தடுத்து இருந்தாலும் அவற்றின் வழிகள் ஒன்றுபோல் வளரவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே மலையைத் தாண்டினால் திருவிதாங்கூர். ஆகவே அது இரு நாடுகளுக்கு இடையேயான வணிக வழி. வருசநாட்டுப் பள்ளத்தாக்கோ தெற்கே போகப்போக மலைகளால் மூடப்பட்டுவிடும் ஒரு மூலை. உள்ளே போகலாம், மறுபக்கம் வெளியேற வண்டிப்பாதை கிடையாது. இந்த வேறுபாடே பின்னாளில் எந்த மலைக்குச் சாலை வந்தது, எந்த மலைக்கு வரவில்லை என்பதைத் தீர்மானித்தது.

மெட்டுகள்

மலையைக் கடக்கும் கணவாயை இப்பகுதியில் மெட்டு என்பர். போடிமெட்டு, தேவாரம் அருகிலுள்ள சாக்குலூத்துமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகியவை கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேற்கே ஏறும் முக்கியமான வழிகள். அரிசியும் உப்பும் கருவாடும் துணியும் கீழிருந்து மேலே சென்றன. ஏலக்காயும் மிளகும் பிற மலைப்பொருட்களும் மேலிருந்து கீழே வந்தன. சாலைகள் வெட்டப்படும் முன் இச்சரக்குகளைச் சுமந்தவை பொதிமாடுகளும் கழுதைகளும் தலைச்சுமைக்காரர்களும்தான்.

பொதிமாடு முதுகின் இருபுறமும் சமமாக மூட்டை தொங்கவிட்டு ஒற்றையடித் தடத்தில் நடக்கும். அதற்குச் சாலை வேண்டியதில்லை. மாட்டுவண்டிக்கு வண்டியின் அகலமும், மாடு இழுக்கக்கூடிய அளவான ஏற்றமும் வேண்டும். அதனால் மலையடிவாரம் வரை வண்டி, அதற்குமேல் பொதிமாடு என்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. வண்டிக்காரர்களுக்குப் பயணநாட்களில் வண்டியே வீடு. பகலில் அதில் சரக்கு. இரவில் அதன் அடியில் படுக்கை. அரிசி, புளி, மண்சட்டி, மாட்டுக்கான வைக்கோல், அச்சில் தொங்கும் ராந்தல் எல்லாம் உடன் வரும். காட்டோரத்தில் தனி வண்டியாகத் தங்குவதில்லை. பல வண்டிகள் சேர்ந்தே இறங்கும், சேர்ந்தே தீ மூட்டும்.

இன்று வடஅமெரிக்காவின் அலாஸ்காவிலும் கனடாவின் வடபகுதியிலும் லாரியின் பின்புறம் சிறு அறையைப் பொருத்திக்கொண்டு காட்டுவழியே வாரக்கணக்கில் பயணம் செய்வது ஒரு பொழுதுபோக்கு. வண்டியையே வீடாகக் கொண்டு காட்டைக் கடப்பது இங்கே பொழுதுபோக்காக அல்ல, பிழைப்பாக இருந்தது.

பெரியாறு அணையின் வழி

இப்பகுதியின் மலைவழிகளில் முதல் பெரிய மாற்றம் முல்லைப்பெரியாறு அணையால் வந்தது. மேற்கே ஓடும் பெரியாற்றைத் தடுத்து, சுரங்கம் வழியாக வைகை வடிநிலத்துக்குத் திருப்புவது திட்டம். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசின் சார்பில் இந்தியச் செயலருக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜான் பென்னிகுயிக்கின் தலைமையில் 1887-ல் பணி தொடங்கியது. 1895 அக்டோபரில் அன்றைய சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார்.

அணை கட்டுவதற்கு முன் அணைக்குப் போகும் வழியைக் கட்டவேண்டியிருந்தது. அணை அமைந்த இடம் காட்டின் நடுவே. அன்று போடிக்கோ தேனிக்கோ ரயில் இல்லை. மதுரை–திண்டுக்கல் பாதையில் இருந்த அம்மையநாயக்கனூர்தான் அருகிலிருந்த ரயில்நிலையம். இன்று அதன் பெயர் கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் தெற்கு முனை வரை இயந்திரங்களும் கருவிகளும் மாட்டுவண்டியில் வந்தன. அணைக்கான சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்கின் குருவனூத்தில் வெட்டப்பட்டது. மலைச்சரிவில் அதை ஏற்றக் கம்பிவட ஊர்தி அமைக்கப்பட்டது. மேலே தேக்கடிப் பக்கம் சென்ற சரக்கு ஆற்றில் படகுகள் வழியாக அணைத்தளத்தை அடைந்தது. வண்டி, கம்பிவடம், படகு என மூன்று ஊர்திகள் மாறிய பின்னரே ஒரு கல் தன் இடத்தைச் சேர்ந்தது. திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் ஏ.டி. மெக்கன்சி 1899-ல் எழுதிய வரலாற்று நூல் இப்பணிகளை விரிவாகப் பதிவுசெய்துள்ளது.

கட்டுமானக் காலத்தில் 483 பேர் நோயால் இறந்ததாகப் பதிவு உள்ளது. அவர்களில் தொழிலாளர்களே மிகுதி. காட்டுக் காய்ச்சல் எனப்பட்ட மலேரியா அன்று இம்மலைகளின் பெரும் காவலாக இருந்தது. சாலை இல்லாமை ஒரு தடை என்றால் காய்ச்சல் இன்னொரு தடை. தொழிலாளர்கள் அந்த இரண்டையும் கடந்தே வேலைக்கு ஏறினர்.

தேயிலையின் வழி

இரண்டாவது மாற்றம் வடக்கே, போடிநாயக்கனூருக்கு மேலே நிகழ்ந்தது. 1877-ல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்குப் பெற்றார். தோட்டங்கள் வளர்ந்து 1897-ல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவானது. மூணாறு திருவிதாங்கூரில் இருந்தாலும் அதன் தேயிலை உலகச் சந்தைக்குப் போன வழி போடியின் பக்கமாகவே இருந்தது.

1902-ல் மூணாறிலிருந்து குண்டளப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள ஊர்தி அமைக்கப்பட்டது. இது ஈவிங் முறை எனப்படும். வண்டியின் பாரம் பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தில் ஓடும் சிறு சக்கரங்களின் மேல் இருக்கும். பக்கவாட்டில் தரையில் உருளும் பெரிய சக்கரம் ஒன்று வண்டி சாயாமல் தாங்கும். இழுத்தவை காளைகள். 1908-ல் இது இரண்டடி அகலமுள்ள இருதண்டவாளப் பாதையாக மாற்றப்பட்டு நீராவி ரயில் ஓடியது.

டாப் ஸ்டேஷனுக்கு வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் சுமார் 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடியிலிருந்து போடிக்கு மாட்டுவண்டி. பின்னர் ரயில், கப்பல். இந்தக் கம்பிவடம் இன்று இல்லை. ஆனால் அதன் நிலையப் பெயர்கள் ஊர்ப்பெயர்களாகத் தங்கிவிட்டன. குரங்கணிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவிலுள்ள மலைக்கிராமத்தின் பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். தெற்கே குமுளி மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் என்ற ஊரும் ஒரு முகாமின் பெயரையே தாங்கி நிற்கிறது. சரக்கு போய்விட்ட பின்னும் அதன் பெயரை மக்கள் சுமக்கிறார்கள்.

1924 ஜூலையில் பெய்த பெருமழை குண்டளப் பள்ளத்தாக்கு ரயில்பாதையை அழித்தது. கொல்லம் ஆண்டு 1099-ல் நிகழ்ந்ததால் கேரளத்தில் இது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் எனப்படுகிறது. ரயில்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை.

ரயிலும் சாலைகளும்

1928-ல் மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் ரயில்பாதை திறக்கப்பட்டது. சுமார் 90 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையின் முதன்மை நோக்கம் ஏலக்காய், தேயிலை போன்ற மலைவிளைபொருட்களைக் கொண்டுசெல்வதே. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, 1950-களில் மீண்டும் போடப்பட்டன. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட ரயில், தேனிக்கு 2022 மே மாதத்திலும் போடிக்கு 2023 ஜூன் மாதத்திலும் திரும்பிவந்தது.

இடைப்பட்ட காலத்தில் லாரியும் பேருந்தும் மெட்டுகளைக் கைப்பற்றிவிட்டன. போடிமெட்டுச் சாலை கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் பகுதியானது. குமுளிச் சாலையும் கம்பம்மெட்டுச் சாலையும் இரு மாநிலப் பேருந்துகள் ஓடும் வழிகளாயின. சாக்குலூத்துமெட்டுக்குச் சாலை வேண்டும் என்பது தேவாரம் பகுதியினரின் நெடுநாள் கோரிக்கை.

கிழக்கே மேகமலையில் ஐரோப்பியர் ஹைவேவிஸ் எனப் பெயரிட்ட தேயிலை, காபி, ஏலத் தோட்டங்கள் உருவாயின. சின்னமனூரிலிருந்து தென்பழனி வழியாக ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுகளுக்குப் பூக்களின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, மகாராஜமெட்டு ஆகிய தோட்டக் குடியிருப்புகளுக்கு இதுவே வழி. தென்பழனி சோதனைச்சாவடியைத் தாண்டி இரவில் செல்ல வெளியாருக்கு அனுமதி இல்லை.

ஜீப்பின் காலம்

ஜீப் போர்க்களத்துக்காகப் பிறந்த வண்டி. 1941 முதல் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் அதைப் பெருமளவில் தயாரித்தது. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்வதால் சேற்றிலும் பாறையிலும் சரிவிலும் ஏற முடிந்தது. பேருந்து ஏறாத தோட்டத்துக்கு ஜீப் ஏறியது.

இன்று விடியற்காலையில் கம்பம், போடி, தேவாரம், கோம்பைப் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மெட்டுகளில் ஏறுகின்றன. மாலையில் அவையே இறக்கிவிடுகின்றன. பெண்களே மிகுதியாகச் செல்லும் இந்தத் தினசரிப் பயணம்தான் பள்ளத்தாக்கின் இன்றைய முக்கியமான மலைப்போக்குவரத்து. அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதும், நேரத்துக்குச் சேர வேகமாக ஓட்டுவதும், அதனால் விபத்துகள் நேர்வதும் இங்கு வழக்கமான செய்திகள்.

ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் திறக்கும் ஜீப் வழியும் ஒன்று உண்டு. தமிழக–கேரள எல்லையில் மலையுச்சியில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமியன்று குமுளியிலிருந்து காட்டுத்தடத்தில் ஜீப்புகள் அனுமதிக்கப்படுகின்றன. வழி பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் செல்கிறது. தமிழகப் பக்கத்தில் கூடலூர் அருகே பளியன்குடியிலிருந்து நடைபாதை மட்டுமே உள்ளது. அதைச் சாலையாக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள்.

சாலை சேராத ஊர்கள்

வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு வரை பேருந்துச் சாலை நன்றாக உள்ளது. அதற்குத் தெற்கே வாலிப்பாறை, தும்மக்குண்டு தாண்டி மஞ்சனூத்து வனத்துறைச் சோதனைச்சாவடி. அதற்கப்பால் அரசரடி, பொம்மராஜபுரம், இந்திராநகர், நொச்சிஓடை போன்ற ஊர்கள் உள்ளன. அங்கே செல்வது கல்லும் பள்ளமுமான மண்தடம். ஓடும் வண்டி ஜீப். மழை பெய்து ஓடைகளில் நீர் வந்தால் அதுவும் நிற்கும். இலவம்பஞ்சும் கொட்டைமுந்திரியும் எலுமிச்சையும் பீன்ஸும் இப்பக்கத்து விளைச்சல். வண்டி வாடகை கூடக்கூட விளைவித்தவர் கையில் நிற்பது குறையும்.

வருசநாட்டிலிருந்து மலையைத் தாண்டிக் கிழவன்கோயில் வழியாக விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்புப் பக்கம் இறங்கச் சாலை வேண்டும் என்பது இன்னொரு பழைய கோரிக்கை. அது அமைந்தால் வருசநாடு மூலையாக இராது. ஆனால் அது காட்டின் நடுவே போகும்.

போடிக்கு மேலே முட்டம், முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன், பெரியகுளம்–போடி மலைப்பகுதியில் அகமலை ஊராட்சியின் ஊரடி, ஊத்துக்காடு போன்ற கிராமங்களின் நிலையும் இதுவே. தேர்தல்தோறும் இவற்றுள் சில ஊர்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில் ஏறும் படம் நாளிதழ்களில் வரும். பார்ப்பவர்க்கு அது வியப்பான காட்சி. அந்த ஊர்களில் அரிசியும் உரமும் ஆண்டு முழுவதும் அப்படித்தான் ஏறுகின்றன. பிரசவ வலி கண்ட பெண்ணும் பாம்பு கடித்தவரும் கம்பில் கட்டிய போர்வையில், நான்கு பேர் தோளில் இறங்குகிறார்கள். இதையே டோலி கட்டுதல் என்கின்றனர்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. மலையேற்றம் சென்றிருந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்றிரவு காயம்பட்டவர்களைத் தேடி முதலில் ஏறியவர்களில் உள்ளூர் மக்களும் உண்டு. மீட்புக்கும் டோலியே பயன்பட்டது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் பின்னர் வந்தன. அதன்பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு 2018-லேயே விதிகள் வகுத்தது.

காடும் சட்டமும்

2021 பிப்ரவரியில் மேகமலை வன உயிரினச் சரணாலயமும் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயமும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆயின. பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. வைகையின் ஊற்றுக்கண் காப்பகத்தின் எல்லைக்குள் உள்ளது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் நீர் இந்தக் காட்டைச் சார்ந்தது. காட்டுக்குள் சாலை வந்தால் அதன் இருபுறமும் மரவெட்டும் ஆக்கிரமிப்பும் வேட்டையும் நுழையும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று.

அதேநேரம் காட்டுக்குள் வாழ்பவர்க்கும் சட்டம் உரிமை தருகிறது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)-ன்படி சாலை, பள்ளி, மருந்தகம் உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, கிராமசபையின் பரிந்துரையுடன், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு மிகாத வனநிலத்தை அரசு ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. மூன்று மீட்டர் அகலமுள்ள பாதை என்று கணக்கிட்டால் ஒரு ஹெக்டேரில் 3.3 கிலோமீட்டர் சாலை அமையும். பல மலைக்கிராமங்களின் தடம் இதைவிட நீண்டது. அதற்குமேல் தேவையெனில் 1980-ம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும்.

இச்சட்டத்தின் பயனும் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. பளியர், முதுவர் போன்ற பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன் காட்டில் வாழ்ந்ததைக் காட்டினால் போதும். பிறர் அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததை நிறுவவேண்டும். பிழைப்புக்காக மலையேறிக் காடு திருத்திய வருசநாட்டு விவசாயிகள் பலருக்கு இது எட்டாத நிபந்தனை. ஆகவே அங்கே சாலைக்கான வழக்கும் குடியிருப்புக்கான வழக்கும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன.

பொழுதுபோக்கின் வரவு

கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. படுக்கையும் சமையலறையும் கொண்ட வண்டிகள் தங்குவதற்கான முதல் பூங்கா 2022-ல் இடுக்கி மாவட்டத்தின் வாகமணில் தொடங்கியது. வண்டியில் வாழ்வது ஒரு சுற்றுமுழுதும் சுற்றி இன்பச்செலவாக ஏலமலைக்குத் திரும்பியிருக்கிறது.

இது உலகெங்கும் நிகழ்வதே. 1942-ல் போருக்காக அமெரிக்க ராணுவம் வெட்டிய அலாஸ்கா நெடுஞ்சாலையும், 1974-ல் எண்ணெய்க் குழாய்க்காக அமைக்கப்பட்ட டால்டன் சாலையும் இன்று வீட்டுவண்டிப் பயணிகளின் கனவு வழிகள். முதலில் சரக்கு, பிறகு சுற்றுலா என்பதே அங்கும் வரிசை.

மதிப்பீடு

இம்மலைவழிகளின் வரலாற்றில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அணைக்குக் கல் வேண்டியிருந்தபோது மலைமேல் கம்பிவடம் ஏறியது. தேயிலை இறங்க வேண்டியிருந்தபோது ஒற்றைத் தண்டவாளம் வந்தது. ஏலக்காய்க்காக ரயில் வந்தது. தோட்டங்கள் இருந்த மலைக்குச் சாலை வந்தது. பெருஞ்சரக்கு எதுவும் இல்லாத அரசரடிக்கும் ஊத்துக்காட்டுக்கும் தடம் தடமாகவே நின்றது. காட்டின் அருமை குறித்த கேள்வி, சரக்கு வழிகள் வெட்டப்பட்ட காலத்தில் எழவில்லை. மலைமக்கள் தங்களுக்காகக் கேட்கும் காலத்தில்தான் எழுந்தது. அதனால் அந்தக் கேள்வி தவறாகிவிடாது. ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

அகலமான தார்ச்சாலைக்கும் டோலிக்கும் நடுவே வேறு வழிகள் உண்டு. ஓடைகளின் மேல் சிறுபாலங்கள், மண்தடத்தைச் செப்பனிடுதல், ஊராருக்கு மட்டும் அனுமதியுள்ள ஜீப் வழி, மலையடிவாரத்தில் காத்திருக்கும் அவசர ஊர்தி ஆகியவை காட்டை அதிகம் கிழிக்காதவை. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடி வரை காட்டின் தலைக்குமேல் தேயிலைப்பெட்டி இறங்கிய முறையும், நூறாண்டுக்கு முன்பே இதே மலையில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்றுதான்.